வெளிநாட்டில் அரசுப் பணியா? உங்கள் ஓட்டு ஊரில் எண்ணப்பட வேண்டுமென்றால்: படிவம் 3 முதல் தபால் கவர் வரை

வெளிநாட்டு போஸ்டிங் ஆர்டர் கைக்கு வந்த அன்றே வீட்டில் ஒரு பட்டியல் தொடங்கிவிடும். பாஸ்போர்ட், பிள்ளைகளின் டிசி, குவார்ட்டர்ஸ் ஒப்படைப்பு, காஸ் இணைப்பு, ஊரில் தனியாக இருக்கும் அம்மாவுக்கு யார் துணை என்று அது நீண்டுகொண்டே போகும். என் முதல் போஸ்டிங்கின்போது நானும் அப்படி ஒன்று எழுதினேன். இரண்டு பக்கம் நிறைந்தது, ஆனால் ஓட்டு என்ற சொல் அதில் எங்கேயும் இல்லை. அடுத்த பொதுத்தேர்தல் வந்தபோது பக்கத்து மேசைக்காரர் தன் தபால் வாக்கைக் கவரில் போட்டு ஒட்டிக்கொண்டிருந்தார். நான் வேடிக்கை பார்த்தேன். சட்டம் எனக்கும் அந்த வழியைத் திறந்துதான் வைத்திருந்தது. யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

அந்த வருத்தம்தான் இதை எழுத வைக்கிறது. இந்தியத் தூதரகம், துணைத் தூதரகம், நிரந்தரத் தூதுக்குழு போன்ற இடங்களில் மத்திய அரசுப் பணியில் இருப்பவர்களுக்கும், புறப்படத் தயாராகிக்கொண்டிருப்பவர்களுக்கும் இது உதவும்.

முதலில்: இந்த வழி உங்களுக்கு உரியதா?

1950ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், பிரிவு 20 உட்பிரிவு 8, நான்கு வகையினரைப் 'பணித் தகுதி' உடையவர்கள் என்கிறது. முப்படையினர், ராணுவச் சட்டம் பொருந்தும் பிற படையினர், தம் மாநிலத்துக்கு வெளியே பணிபுரியும் மாநில ஆயுதப்படைக் காவலர்கள், இந்திய அரசின்கீழ் இந்தியாவுக்கு வெளியே உள்ள பதவியில் இருப்பவர்கள். நான்காவது வகைதான் நாம். அலுவலக வழக்கில் 'சர்வீஸ் வோட்டர்', தமிழில் சேவை வாக்காளர்.

இந்தத் தகுதி தூதருக்கு மட்டும் உரியது என்று நினைத்துவிடாதீர்கள். கணக்குப் பிரிவில் இருப்பவர், சுருக்கெழுத்தர், பாதுகாப்பு உதவியாளர் என்று இந்திய அரசின் பதவியில் அனுப்பப்பட்ட எல்லோருக்கும் ஒரே உரிமை. வெளிநாட்டில் தனியார் வேலை பார்ப்பவருக்கும், அங்கே படிக்கும் மாணவருக்கும் இது பொருந்தாது. அவர்கள் படிவம் 6ஏ கொடுத்து வெளிநாடுவாழ் வாக்காளராகப் பதியலாம். 2010ஆம் ஆண்டுத் திருத்தம் அந்த உரிமையைக் கொடுத்தது. ஆனால் அவர்கள் பாஸ்போர்ட்டோடு ஊருக்கு வந்து வாக்குச்சாவடியில் நின்றால்தான் ஓட்டு. நமக்கு ஓட்டுச்சீட்டே நாம் இருக்கும் நாட்டுக்கு வரும். வித்தியாசம் அவ்வளவு பெரியது என்பதால், எந்தப் படிவம் என்பதில் தவறு வரக்கூடாது. முப்படையினருக்குப் படிவம் 2, மாநில ஆயுதப்படையினருக்கு 2ஏ, நமக்குப் படிவம் 3. தூதரகத்தில் பணியில் இருக்கும் ராணுவ அதிகாரிகூடத் தன் படை வழியாகப் படிவம் 2தான் கொடுப்பார்.

கணவன், மனைவி, பிள்ளைகள்

உங்களோடு வழக்கமாக வசிக்கும் வாழ்க்கைத்துணையின் பெயரும் உங்கள் படிவத்திலேயே சேரும். முன்பு சட்டத்தில் 'மனைவி' என்ற சொல்தான் இருந்தது. ஆண் அதிகாரியின் மனைவிக்கு ஓட்டு வந்தது, பெண் அதிகாரியோடு போன கணவருக்கு வரவில்லை. ஒரே தூதரகக் குடியிருப்பில், எதிரெதிர் வீடுகளில் இந்தப் பாகுபாட்டைப் பார்த்திருக்கிறேன். 2021ஆம் ஆண்டின் தேர்தல் சட்டத் திருத்தம் அந்தச் சொல்லை 'வாழ்க்கைத்துணை' என்று மாற்றியது. 2022 ஆகஸ்ட் 1 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. அதற்கு முன் போஸ்டிங் வாங்கிய பெண் அலுவலர்களில் சிலர் இன்னமும் "கணவருக்குக் கிடையாது" என்றே நம்பிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களிடம் சொல்லுங்கள்.

மனைவியோ கணவரோ ஊரிலேயே தங்கிவிட்டால் அவர் பொது வாக்காளராகவே தொடர வேண்டும். படிவம் 3இல் சேர்க்கக்கூடாது.

18 வயது நிரம்பிய மகனும் மகளும் இந்தப் படிவத்துக்குள் வரமாட்டார்கள். உங்களோடு வெளிநாட்டில் இருந்தால் அவர்களுக்குப் படிவம் 6ஏ. வயதைக் கணக்கிட இப்போது ஜனவரி 1, ஏப்ரல் 1, ஜூலை 1, அக்டோபர் 1 என்று ஆண்டுக்கு நான்கு தகுதி நாட்கள் இருக்கின்றன.

எந்த முகவரி? இதில்தான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள்

வெளிநாட்டு முகவரி எதற்கும் உதவாது. சட்டம் கேட்கும் கேள்வி இதுதான்: இந்தப் பணி மட்டும் இல்லையென்றால் நீங்கள் வழக்கமாக எங்கே வசித்துக்கொண்டிருப்பீர்கள்? அந்த ஊர்தான் உங்கள் தொகுதி. படிவத்தில் நீங்கள் கையெழுத்திட்டுச் சொல்வதை, மாறான ஆதாரம் இல்லாதவரை, சரியென்றே ஏற்க வேண்டும் என்பது சட்டத்தின் நிலை. பெரும்பாலோருக்கு அது சொந்த ஊர். டெல்லியில் பல ஆண்டு இருந்து அங்கேயே வீடு வாங்கிக் குடும்பத்தோடு வேரூன்றியவர் டெல்லி முகவரியை எழுதினால் அதுவும் நேர்மையான பதில்தான். காலி செய்துவிட்ட அரசுக் குவார்ட்டர்ஸ் முகவரியை எழுதுவதைத்தான் தவிர்க்கச் சொல்கிறேன். அங்கே இப்போது வேறொருவர் குடியிருப்பார்.

முகவரியைப் படிவம் துண்டுதுண்டாகக் கேட்கும்: கதவு எண், தெரு, ஊர், அஞ்சல் நிலையம், காவல் நிலையம், வட்டம், மாவட்டம். பாஸ்போர்ட்டைப் பார்த்து அப்படியே எழுதிவிடத் தோன்றும். தமிழ்நாட்டுக்காரர்கள் இங்கே கொஞ்சம் நிதானிக்க வேண்டும். 2019இல் தென்காசி, கள்ளக்குறிச்சி, ராணிப்பேட்டை, திருப்பத்தூர், செங்கல்பட்டு என்று ஐந்து மாவட்டங்கள் புதிதாகப் பிரிந்தன. 2020இல் மயிலாடுதுறை. பழைய பாஸ்போர்ட்டில் சங்கரன்கோவில்காரருக்குத் திருநெல்வேலி மாவட்டம் என்றுதான் இருக்கும். படிவங்கள் மாவட்டத் தேர்தல் அலுவலர் வழியாகத்தான் தொகுதிக்குப் போகின்றன. மாவட்டம் தவறினால் தாள் வேறொரு ஆட்சியர் அலுவலகத்தில் இறங்கும். அங்கிருந்து சரியான இடத்துக்குப் போய்ச் சேருமா என்பதைக் கடல் தாண்டி உட்கார்ந்துகொண்டு நாம் துரத்த முடியாது.

ஊரில் இருக்கும் யாரையாவது அழைத்து, அவர்களுடைய வாக்காளர் அட்டையிலும் பட்டியலிலும் தொகுதி எண், தொகுதிப் பெயர், வட்டம் எப்படி அச்சாகியிருக்கிறது என்று போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அதைப் பார்த்து எழுதுங்கள்.

பழைய பதிவு என்ன ஆகும்?

ஒருவர் ஒரே இடத்தில்தான் வாக்காளராக இருக்கலாம். பிரிவு 17 ஒன்றுக்கு மேற்பட்ட தொகுதிகளில் பெயர் இருப்பதைத் தடுக்கிறது, பிரிவு 18 ஒரே தொகுதியில் இரண்டு முறை இருப்பதைத் தடுக்கிறது. படிவம் 3 கொடுக்கும்போது, எந்தத் தொகுதியிலும் பொது வாக்காளராக இல்லை என்று உறுதிமொழியும் தருகிறீர்கள். தெரிந்தே பொய்யான உறுதிமொழி கொடுத்தால் பிரிவு 31இன்படி ஓராண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். எனவே ஏற்கெனவே பட்டியலில் பெயர் இருந்தால் படிவம் 7 கொடுத்து நீக்கச் சொல்லுங்கள். விண்ணப்ப எண்ணைக் குறித்து வையுங்கள்.

"கையில் வாக்காளர் அட்டை இருக்கிறதே, லீவில் வந்து ஓட்டுப் போட்டுக்கொள்கிறேன்" என்பார்கள். அட்டை இருப்பதும் பட்டியலில் பெயர் இருப்பதும் ஒன்றல்ல. வீட்டுக்கு வந்து சரிபார்க்கும்போது நீங்கள் அங்கே இல்லையென்றால் பெயர் நீக்கப்படலாம். தேர்தல் தேதிக்கு லீவு கிடைப்பதும் நம் கையில் இல்லை. சேவை வாக்காளராகப் பதிந்த பிறகு அடையாள அட்டை வழங்கமாட்டார்கள், அது இல்லையே என்று கவலைப்படவும் வேண்டாம். தபால் வாக்குக்கு அது தேவையே இல்லை.

படிவம் நடக்கும் பாதை

நீங்கள் நிரப்பிக் கையெழுத்திட்ட படிவம் 3, உங்கள் அலுவலகத் தலைமை வழியாக, வெளியுறவு அமைச்சகத்தில் இதற்கென நியமிக்கப்பட்ட பொறுப்பு அலுவலருக்குப் போகும். அவரிடமிருந்து மாவட்டத் தேர்தல் அலுவலருக்கு, பிறகு தொகுதியின் வாக்காளர் பதிவு அலுவலருக்கு. தேர்தல் ஆணையத்தின் சேவை வாக்காளர் இணையதளம் வந்தபிறகு இந்தப் பயணத்தின் பெரும்பகுதி இணைய வழியில் நடக்கிறது. ஆனாலும் நடுவில் இத்தனை கைகள் இருக்கின்றன என்பதை மறக்கக்கூடாது. ஒவ்வொரு கையும் நல்ல கைதான், ஆனால் யாருக்கும் உங்கள் படிவம் ஒன்று மட்டுமே வேலை அல்ல.

தூதரகத்தில் சேர்ந்த முதல் வாரத்திலேயே நிர்வாகப் பிரிவில் போய், சேவை வாக்காளர் வேலையை யார் பார்க்கிறார் என்று கேளுங்கள். பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். படிவத்தின் நகலையும், அனுப்பிய தேதியையும் உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள். பட்டியல் சுருக்கமுறைத் திருத்தம் அறிவிக்கப்படும்போது சேவை வாக்காளர்களுக்கான பகுதியும் திருத்தப்படும். அப்போது ஒருமுறை நினைவூட்டுங்கள்.

பெயர் ஏறிவிட்டதா என்று பார்க்கும்போது ஒரு குழப்பம் வரும். உங்கள் தெருவின் பாகத்தில் தேடினால் பெயர் இருக்காது. தொகுதிப் பட்டியலின் கடைசிப் பாகத்தில்தான் சேவை வாக்காளர்களைத் தனியாகத் தொகுத்திருப்பார்கள். அங்கே உங்கள் பெயரும் துணையின் பெயரும், எழுத்துப்பிழை இல்லாமல், எந்த வரிசை எண்ணில் இருக்கின்றன என்று பார்த்து எழுதி வையுங்கள்.

தேர்தல் அறிவித்த பிறகு

நீங்கள் தனியாக விண்ணப்பிக்க வேண்டியதில்லை. கடைசிப் பாகத்தில் பெயர் இருந்தால் தொகுதியின் தேர்தல் நடத்தும் அலுவலர் தானாகவே தபால் வாக்குச்சீட்டு அனுப்புவார். முன்பு அது காகிதமாகவே கடல் கடந்து வந்து, காகிதமாகவே திரும்ப வேண்டும். வந்து சேர்வதற்குள் எண்ணிக்கை முடிந்துவிடும். 2016இல் தேர்தல் நடத்தை விதிகள் திருத்தப்பட்டு, வாக்குச்சீட்டை மின்னணு முறையில் அனுப்பும் ஏற்பாடு வந்தது. இடிபிபிஎஸ் என்பார்கள். அதே ஆண்டு புதுச்சேரியின் நெல்லித்தோப்பு இடைத்தேர்தலில்தான் அதைச் சோதித்துப் பார்த்தார்கள். 2019 மக்களவைத் தேர்தலில் பதிவு பெற்றிருந்த சேவை வாக்காளர்கள் 18,02,646 பேர். அவர்களிடமிருந்து 10,84,266 வாக்குகள் திரும்பி வந்தன, அதாவது 60.14 சதவீதம்.

போகும் பாதி மட்டும்தான் மின்னணு. திரும்பும் பாதி இன்றும் காகிதம்தான். அங்கேதான் நாட்கள் கரைகின்றன.

எவ்வளவு அவகாசம் கிடைக்கும் என்பது தேர்தலைப் பொறுத்தது. வேட்புமனுவைத் திரும்பப் பெறும் கடைசி நாள் முடிந்து வேட்பாளர் பட்டியல் உறுதியான பிறகுதான் வாக்குச்சீட்டு தயாராகும். 2024 மக்களவைத் தேர்தலில் தமிழ்நாட்டுக்கு அந்த நாள் மார்ச் 30, எண்ணிக்கை ஜூன் 4. இடையில் 66 நாட்கள். அதே ஆண்டு விக்கிரவாண்டி இடைத்தேர்தலில் மனு வாபஸ் ஜூன் 26, எண்ணிக்கை ஜூலை 13. வெறும் 17 நாட்கள். மக்களவைத் தேர்தல் தந்த தாராளத்தை நம்பி இடைத்தேர்தலில் மெத்தனமாக இருந்தால் ஓட்டு போய்ச் சேராது. எண்ணிக்கை தொடங்கும் நேரத்துக்கு முன் கவர் தேர்தல் நடத்தும் அலுவலரின் கையில் இருக்க வேண்டும். பிந்தி வருவதைப் பிரிக்காமலே ஒதுக்கிவிடுவார்கள்.

மேசையில் கவர் தயாரிப்பது

மின்னணு முறையில் வரும் வாக்குச்சீட்டுக் கோப்பு ஓடிபி இல்லாமல் இறங்காது, பின் நம்பர் இல்லாமல் திறக்காது. அச்செடுத்தால் ஐந்து விஷயங்கள் கையில் இருக்கும்: வாக்குச்சீட்டு, உறுதிமொழியான படிவம் 13ஏ, உள்கவருக்கான லேபிள் 13பி, வெளிக்கவருக்கான லேபிள் 13சி, விளக்கக் குறிப்பு 13டி. கவர்கள் நீங்களே எடுத்துக்கொள்ள வேண்டியவை. சின்னது ஒன்று, அது மடிக்காமல் உள்ளே போகும் அளவுக்குப் பெரியது ஒன்று. க்யூஆர் கோடுகள் மங்கலாகவோ வெட்டுப்பட்டோ விழுந்தால் மறுபடி அச்செடுங்கள். எண்ணும் மேசையில் முதலில் அவற்றைத்தான் ஸ்கேன் செய்வார்கள். ஒட்டும்போது செல்லோடேப் அவற்றின்மேல் ஏறாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

வாக்குச்சீட்டைத் தனியாக இருக்கும்போது எடுத்து, நீங்கள் தேர்ந்தெடுத்த வேட்பாளருக்கு நேராக ஒரே ஒரு தெளிவான குறி போடுங்கள். பேனாவால் டிக் போடலாம், பெருக்கல் குறியும் போடலாம். பெயர், கையெழுத்து, இன்னார் போட்டது என்று காட்டிக்கொடுக்கும் எந்த எழுத்தும் சீட்டில் கூடாது. அதைச் சின்னக் கவரில் வைத்து ஒட்டி, மேலே 13பி லேபிளை ஒட்டுங்கள்.

அடுத்தது 13ஏ. இதில் உங்கள் கையெழுத்துக்குச் சான்றொப்பம் வேண்டும். வெளிநாட்டில் இருப்பவர்களுக்காக, அந்த நாட்டின் இந்தியத் தூதரோ துணைத் தூதரோ நியமித்த அலுவலர் இதைச் செய்யலாம். அவர் முன்னிலையில் கையெழுத்திடுங்கள். அவர் பார்க்க வேண்டியது உங்கள் கையெழுத்தை மட்டும்தான், உங்கள் ஓட்டை அல்ல. மேலதிகாரியே சான்றொப்பம் இடுபவராக இருந்தாலும் சீட்டைக் காட்ட வேண்டியதில்லை, அவரும் கேட்கக்கூடாது. ஒட்டிய உள்கவரோடு போய் 13ஏயை மட்டும் நீட்டினால் இந்தச் சங்கடமே எழாது.

சான்றொப்பம் என்றால் வெறும் சடங்கு என்று நினைப்பவர்களுக்கு நான் ராதாபுரத்தைச் சொல்வேன். 2016 சட்டமன்றத் தேர்தலில் அங்கே வெற்றி வித்தியாசம் 49 ஓட்டு. நிராகரிக்கப்பட்ட தபால் வாக்குகள் 203. சான்றொப்பம் இட்ட பள்ளித் தலைமையாசிரியர்களுக்கு அந்தத் தகுதி உண்டா இல்லையா என்பதுதான் தகராறு. வழக்கு நடந்து, 2019இல் சென்னை உயர் நீதிமன்றம் மறு எண்ணிக்கைக்கு உத்தரவிட, அதன் முடிவை வெளியிட உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. ஓட்டுப் போட்டவர்கள் தங்கள் பங்கைச் செய்திருந்தார்கள். ஒரு கையெழுத்துக்குக் கீழே இருந்த இன்னொரு கையெழுத்தைப் பற்றித்தான் இவ்வளவும். சான்றொப்பம் இடுபவரின் பெயர், பதவி, முத்திரை எல்லாம் பளிச்சென்று இருக்கிறதா என்று பார்த்துவிட்டு நகருங்கள்.

இனி கடைசி அடுக்கு. ஒட்டிய சின்னக் கவரும், 13ஏ தாளும், இரண்டும் பெரிய கவருக்குள். 13ஏயைச் சின்னக் கவருக்குள் வாக்குச்சீட்டோடு வைத்து ஒட்டிவிடுவது அடிக்கடி நடக்கும் தவறு. எண்ணும்போது பெரிய கவரைப் பிரித்து முதலில் தேடுவது உறுதிமொழியைத்தான். அது அங்கே இல்லையென்றால் சின்னக் கவரைப் பிரிக்கவே மாட்டார்கள்.

தம்பதிகளுக்கு இன்னொரு எச்சரிக்கை. ஒருமுறை நானும் மனைவியும் சாப்பாட்டு மேசையில் எதிரெதிரே உட்கார்ந்து இதைச் செய்தோம். ஒரே பிரிண்டரில் வந்த தாள்கள், ஒரே மாதிரியான நான்கு கவர்கள். பெரிய கவரை ஒட்டப்போகும் நேரத்தில் அவள்தான், "இருங்க, இந்த நம்பர் என் சீட்டோடது" என்று கையைப் பிடித்தாள். அவளுடைய உள்கவர் என் உறுதிமொழியோடு போகவிருந்தது. 13ஏயில் உள்ள வாக்குச்சீட்டு வரிசை எண்ணும் உள்கவரின் மேல் உள்ள எண்ணும் ஒத்துப்போகாவிட்டால் ஓட்டு செல்லாது. அன்று இரண்டு ஓட்டும் போயிருக்கும். இப்போதெல்லாம் ஒருவர் முடித்து, ஒட்டி, கவரை அலமாரியில் வைத்த பிறகுதான் அடுத்தவர் தாளை எடுக்கிறோம்.

பெரிய கவரின் மேல் 13சி. தேர்தல் நடத்தும் அலுவலரின் முகவரி அதில் அச்சாகியிருக்கும். உரிய இடத்தில் கையெழுத்திடுங்கள்.

அனுப்புவது

தூதரகத்தின் டிப்ளமாடிக் பேக், அதாவது அலுவலகத் தபால்களைக் கொண்டுபோகும் பை, எந்தக் கிழமை கிளம்புகிறது, எத்தனை நாளுக்கு ஒருமுறை கிளம்புகிறது என்று முன்கூட்டியே கேட்டு வையுங்கள். பேக் டெல்லிக்குப் போகும், அங்கிருந்து தபாலில் தொகுதிக்கு. இந்த இரண்டாவது கட்டத்துக்கும் நாட்கள் ஒதுக்குங்கள். சீட்டு வந்த அன்றோ மறுநாளோ குறியிட்டு, அடுத்த பேக்கிலேயே அனுப்பிவிடுவதுதான் என் பழக்கம். பிரசாரம் முடியட்டும், கடைசிப் பேச்சையும் கேட்டுவிட்டு முடிவெடுக்கலாம் என்ற ஆசை நியாயமானதுதான். ஊரில் இருப்பவருக்கு அந்த வசதி உண்டு. பேக்கை நம்பியிருப்பவருக்குக் கிடையாது.

ராணுவத்தினருக்கு உள்ளதுபோல, நமக்குப் பதிலாக ஊரில் ஒருவரை நியமித்து ஓட்டுப் போடச் சொல்லும் வசதியும் இல்லை. 2003இல் வந்த அந்த ஏற்பாடு முப்படையினருக்கும் ராணுவச் சட்டம் பொருந்தும் படையினருக்கும் மட்டும். தேர்தல் நாளில் தற்செயலாக லீவில் ஊரில் இருந்தாலும் நம் பெயர் கடைசிப் பாகத்தில் இருப்பதால் வாக்குச்சாவடியில் ஓட்டுப் போட முடியாது. நமக்கு இருப்பது இந்தக் கவர் ஒன்றுதான்.

இடமாற்றமும் திரும்புதலும்

ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்கு மாறினால் தொகுதி மாறாது, ஆனால் சேவை வாக்காளர் பதிவில் உங்கள் அலுவலகம் மாற வேண்டும். இல்லையென்றால் வாக்குச்சீட்டு பழைய தூதரகத்துக்குப் போய் நிற்கும். புதிய இடத்தில் சேர்ந்ததும் இதைச் சொல்லிவிடுங்கள். இமெயிலும் செல்போன் எண்ணும் மாறியிருந்தால் அவற்றையும்.

இந்தியாவுக்கே திரும்பிவிட்டாலோ, ஓய்வு பெற்றாலோ பணித் தகுதி அன்றோடு முடிகிறது. கடைசிப் பாகத்திலிருந்து பெயரை நீக்கச் சொல்லிவிட்டு, குடியேறிய இடத்தில் படிவம் 6 கொடுத்துப் பொது வாக்காளராகச் சேருங்கள். உங்களோடு பதிவான துணையும் தனியாகப் படிவம் 6 கொடுக்க வேண்டும். ஒருவர் பெயர் மாறினால் இன்னொருவர் பெயர் தானாக மாறிவிடாது. எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் கணவர் மட்டும் படிவம் கொடுத்துவிட்டு வந்தார். அடுத்த தேர்தலில் அவர் சாவடிக்குள் போனார், பதினைந்து ஆண்டுகளாக அவரோடு நாடு நாடாகப் போன மனைவி வெளியே நின்றார். அந்த அம்மாவின் படிவத்தை மறுவாரமே நான்தான் உட்கார்ந்து நிரப்பிக் கொடுத்தேன்.